எடை மட்டும் போட்டால் கொலுசுக்கு விலை ஆகிவிடுமா? மருந்துப் பட்டியலை முடிவுசெய்யும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அரசு மருத்துவமனைகளுக்கு எந்த மருந்தை, எந்தக் கட்டுப்பொருளை வாங்குவது என்று முடிவுசெய்யும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

நானோ வெள்ளி பூசிய கட்டுத்தாள், அதாவது மிக நுண்ணிய வெள்ளித் துகள் பூசி, காயத்தின் மேல் வைத்துக் கட்டும் தாள், தீக்காயம் பார்க்கும் அரசு மருத்துவமனைகளில் கிடைக்க வேண்டும் என்று கேட்டு நான் கொடுத்த மனு மூன்று பக்கம். உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில் நான்கு வரி. நானோ வெள்ளி பூசிய கட்டுத்தாள் விலை கூடுதலானது, தீக்காயத்துக்கு மாற்றாகக் களிம்பு போதிய அளவு இருப்பில் உள்ளது, ஆகவே மனு முடித்துவைக்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். களிம்பு இருப்பில் இருப்பது எனக்குத் தெரியும். பதினொரு நாள் அதைத்தான் என் கையில் பூசினார்கள். அந்தப் பதினொரு நாளும் என்ன நடந்தது என்று மனுவில் எழுதியிருந்தேன். அதற்கு உங்கள் பதிலில் ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசு பற்றவைக்கும் தொழில் செய்கிறவள். பதினாறு வயதில் ஊதுகுழலைக் கையில் எடுத்தேன். முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. எங்கள் தெருவில் முன்னறையே பட்டறையாக இருக்கும் வீடுகள்தான் அதிகம். கம்பி இழுப்பது ஒரு வீடு, கண்ணி கோப்பது இன்னொரு வீடு, பற்றவைப்பது எங்கள் வீடு, மெருகு போடுவது அடுத்த தெரு. தமிழ்நாட்டுப் பெண்கள் காலில் போடும் கொலுசுகளில் பெரும்பங்கு இப்படி எங்கள் ஊர் வீடுகளில் பிறக்கிறது. அந்தத் தீ குழந்தைகள் படிக்கும் அறையில், சோறு வடிக்கும் அடுப்புக்குப் பத்தடி தூரத்தில் எரிகிறது என்பதை உங்களில் எத்தனை பேர் நேரில் பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை.

சென்ற ஆடி மாதம் ஒரு காலை, கண்ணிகளைப் பரப்பி, வெண்காரம் தொட்டு, பற்றுப்பொடி தூவி ஊதுகுழலைத் திருப்பினேன். கேஸ் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுகொண்டது. என் மகள் கோணியை நனைத்துப் போர்த்துவதற்குள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. பாலியெஸ்டர் புடவை உருகித் தோலோடு ஒட்டியிருந்தது. இரண்டாம் நிலைத் தீக்காயம் என்றார் மருத்துவர். மேல்தோல் போய்விட்டது, அடித்தோலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கிருமி தொற்றாமல் காப்பாற்றிவிட்டால் தானே மூடிக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கினார். படுக்கை காலியில்லாததால் தினமும் வந்து கட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த மருத்துவமனையின் பெயரை எழுத மாட்டேன். அங்கே என்னைக் கவனித்த செவிலியர் மேலும் மருத்துவர் மேலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் கையில் இருந்ததை வைத்துச் செய்தார்கள். அவர்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவுசெய்வது நீங்கள்.

கட்டு மாற்றுவது என்றால் என்னவென்று சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு வரிசை. உங்கள் முறை வந்ததும் முதல்நாள் கட்டை அவிழ்ப்பார்கள். களிம்பும் சீழ்நீரும் சேர்ந்து காஸ் துணியைக் காயத்தோடு ஒட்டவைத்திருக்கும். உப்புநீர் ஊற்றி ஊறவைத்துத்தான் உரிப்பார்கள். வரிசையில் முப்பது பேர் இருக்கும்போது எவ்வளவு நேரம் ஊறவைக்க முடியும்? துணியோடு புதுத்தோலும் சேர்ந்து வரும். நேற்று முளைத்த தோல் அது. அதற்கடுத்து, களிம்பு காய்ந்து காயத்தின் மேல் வெளிறிய ஏடாகப் படிந்திருக்கும். அந்த ஏட்டைத் துடைத்து எடுத்தால்தான் கீழே காயம் ஆறுகிறதா, அழுகுகிறதா என்று தெரியும். அதைத் துடைப்பதுதான் வலியின் உச்சம். பிறகு புதுக் களிம்பு, புதுத் துணி. மறுநாள் மீண்டும் முதலிலிருந்து. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். இரவில் வலியைவிட விடியப்போகிறதே என்ற எண்ணம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

களிம்பைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. சில்வர் சல்ஃபாடயசின் என்ற அந்த மருந்தை 1968-இல் சார்லஸ் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் கொண்டுவந்தார். தீக்காயத்தில் கிருமி தொற்றிச் செத்துக்கொண்டிருந்தவர்களை அது காப்பாற்றியது. அதிலும் வெள்ளிதான் வேலை செய்கிறது. ஆனால் அதில் உள்ள வெள்ளி, காயத்தில் ஊறும் நீரோடு சேர்ந்து சீக்கிரமே ஓய்ந்துபோகிறது. அதனால்தான் தினமும் ஒருமுறை, சில நேரம் இருமுறை, துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் கையில் நாற்றம் வந்தது. பச்சை நிறத்தில் கசிந்தது. மருத்துவர் என் கணவரைத் தனியே அழைத்துப் பேசினார். நானோ வெள்ளித் தாள் என்று ஒன்று இருக்கிறது, எங்கள் இருப்பில் கிடையாது, வெளியில் வாங்க முடியுமா என்று கேட்டார். காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்றோம். வெளிநோயாளியாக வந்து கட்டுவதற்கு அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். உள்ளங்கையளவு தாள் ஒன்றின் விலை, நாங்கள் இருவரும் சேர்ந்து உழைக்கும் மூன்று நாள் கூலி. என் கைக்கு ஒரு தடவைக்கு இரண்டு தாள் தேவைப்பட்டது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் நான்கு தாள் வாங்கினோம்.

முப்பது ஆண்டு வெள்ளியோடு கிடந்த எனக்கு அந்தத் தாள் வெள்ளியாகவே தெரியவில்லை. கருநீல நிறம், புறாக்கழுத்துப் போல லேசான மினுக்கு. எங்கள் பட்டறையில் வெள்ளி கறுத்தால் மெருகு போடச் சொல்வோம். இதில் வெள்ளி அவ்வளவு நுண்ணிய துகளாக இருப்பதால்தான் கறுப்பாகத் தெரிகிறது, அதனால்தான் வேலையும் செய்கிறது என்று வேதியியல் படிக்கும் என் மகள் சொன்னாள். அவள் அன்றிரவு ஒரு நோட்டில் போட்டுக்காட்டிய கணக்கை உங்களுக்கும் காட்டுகிறேன்.

ஒரு சென்டிமீட்டர் நீள, அகல, உயரத்தில் ஒரு வெள்ளிக் கட்டி. எடை சுமார் பத்தரை கிராம். மெல்லிய கொலுசு ஒன்றுக்குக்கூடக் காணாது. அதன் ஆறு பக்கங்களையும் சேர்த்தால் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியைப் பக்கத்துக்கு 10 நானோமீட்டர் உள்ள துண்டுகளாக வெட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டரை 100 கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். இப்போது எல்லாத் துண்டுகளின் பரப்பையும் கூட்டினால் 600 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 15 சென்ட் நிலம். வெள்ளி ஒரு குன்றிமணி எடைகூடக் கூடவில்லை. பரப்பு மட்டும் வீடு கட்டித் தோட்டமும் போடும் அளவுக்கு விரிந்துவிட்டது. காயத்தின் ஈரம் அந்தப் பரப்பு முழுவதையும் தொடுகிறது. தொடும் இடமெல்லாம் வெள்ளி அயனிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்து கிருமியைத் தாக்குகின்றன. செலவானதற்கு ஈடாகத் தாளிலிருந்து மேலும் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஒரு தாளை மூன்று நாள் வரை எடுக்காமல் விடலாம். சில வகைகளை ஏழு நாள் வரைகூட. கனடாவில் ராபர்ட் பரெல் என்ற ஆய்வாளர் 1990-களில் உருவாக்கிக் கொடுத்த முறை இது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்தில் புழங்குகிறது. அதை என் ஊரில், வெள்ளி உருகும் ஊரில், கடன்பட்டு வெளியில் வாங்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தாளை முதன்முதலில் என் கையில் வைத்தபோது நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தாளை ஈரமாக்கித்தான் வைக்க வேண்டும். செவிலியர் வழக்கம்போல் உப்புநீர்ப் பாட்டிலை எடுத்தார். நான் என்னையறியாமல் கத்திவிட்டேன். “சிஸ்டர், உப்பு வேண்டாம்!”

காரணம் இதுதான். பட்டறையில் கூட்டிப் பெருக்கும் குப்பையில் வெள்ளித்தூள் இருக்கும். அதைத் திராவகத்தில் கரைத்து வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்கள் எங்கள் பகுதியில் உண்டு. வெள்ளி கரைந்த அந்தத் தெளிந்த நீரில் ஒரு பிடி உப்பைப் போட்டால் அந்த நொடியே தயிர் திரிந்தது போல் வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கிவிடும். சிறுமியாக இருந்தபோது வாயைப் பிளந்துகொண்டு பார்த்த காட்சி. உப்பு வெள்ளியைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும் என்று எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். தாளின் உறைக்குள் இருந்த துண்டுச்சீட்டை மகள் பிரித்துப் படித்தாள். உப்புநீர் கூடாது, சுத்திகரிக்கப்பட்ட நீரில் மட்டுமே நனைக்க வேண்டும் என்று அதிலும் இருந்தது. செவிலியர் அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, ஊசி மருந்து கலக்கும் சுத்த நீரை எடுத்து வந்து நனைத்தார். “இதை நான் இதுவரை கையில் எடுத்ததே இல்லை அம்மா, இங்கே வந்ததில்லை” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பதினெட்டு ஆண்டுப் பணி அனுபவம் உள்ளவர் அவர். நீங்கள் ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டால் அது நோயாளிக்குக் கிடைக்காமல் போவதோடு நிற்பதில்லை. அதைக் கையாளும் அறிவும் மருத்துவமனைக்குள் வராமலே போகிறது.

மூன்று நாள் கட்டைத் தொடவில்லை. மூன்று காலைகள் நான் யாரிடமும் அழவில்லை. நான்காம் நாள் பிரித்தபோது தாள் ஒட்டாமல் எழுந்து வந்தது. நாற்றம் குறைந்திருந்தது. இன்னொரு மூன்று நாள் மீதித் தாள். அதன் பிறகு மருத்துவரே வெள்ளியை நிறுத்தச் சொன்னார். காயம் சுத்தமான பிறகும் வெள்ளி வைத்துக்கொண்டே போனால், முளைத்து வரும் தோலின் செல்களையும் அது தாமதப்படுத்தும் என்றார். ஒட்டாத சாதாரணக் கட்டுக்கு மாறினோம். ஆவணி முடிவில் கை மூடியது.

ஒருத்தி கை ஆறிய கதையை வைத்து மாநிலத்துக்குக் கொள்முதல் செய்ய முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். சரியான கேள்வி. என் கை களிம்பிலேயே ஆறியிருக்கவும் கூடும். ஆகவே ஆய்வு என்ன சொல்கிறது என்று பார்த்தோம். உலகெங்கும் நடந்த மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, மேலோட்டமான மற்றும் பகுதி ஆழமான தீக்காயங்களுக்கான கட்டுகளைப் பற்றி 2013-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. வெள்ளி கொண்ட கட்டுகள், சிலிகான் பூசிய கட்டுகள், செயற்கைத் தோல் வகைக் கட்டுகள் ஆகியவற்றோடு ஒப்பிடும்போது சில்வர் சல்ஃபாடயசின் தொடர்ந்து பின்தங்கியே இருந்தது என்று அது சொல்கிறது. திரட்டப்பட்ட சோதனைகளின் தரம் போதாது என்றும் அதுவே சொல்கிறது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன். எல்லாக் காயத்துக்கும் வெள்ளித் தாள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எந்தக் காயத்துக்கு வேண்டும் என்று மருத்துவர் முடிவுசெய்யும்போது அது அலமாரியில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இனி விலைக்கு வருகிறேன்.

ஒரு கொலுசை நிறுத்து, வெள்ளியின் அன்றைய விலையால் பெருக்கினால் கொலுசின் விலை வந்துவிடாது. சேதாரம் உண்டு, கூலி உண்டு. அவற்றைச் சேர்க்காமல் விலை சொல்பவரை எங்கள் கடைத்தெருவில் யாரும் வியாபாரி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் என் மனுவுக்குப் போட்ட கணக்கில் எடை மட்டும் இருக்கிறது. ஒரு தாளின் விலையையும் களிம்பின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். பதினொரு கட்டுக்குச் செலவான காஸ் துணி, பஞ்சு, உப்புநீர், செவிலியரின் நேரம், வலிக்குப் போட்ட மாத்திரை, தொற்று வந்த பிறகு எழுதிய ஆன்டிபயாடிக், இவை எல்லாம் உங்கள் பணம்தான். அவற்றைச் சேர்த்தீர்களா? எங்கள் பக்கத்துச் சேதாரமும் இருக்கிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உண்மை, அதற்கு நன்றி. ஆனால் ஒரு கையால் கம்பியைப் பிடிக்க முடியாதவளுக்குத் துணை வேண்டும். துணைக்கு வந்த கணவருக்கு டிக்கெட்டும் போயிற்று, கூலியும் போயிற்று, பதினொரு நாள்.

என்னைவிடப் பெரிய சேதாரம் ஒன்றை அந்த வரிசையில் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

ஏற்காடு மலையில், நாகலூருக்கும் அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பெண் வருவாள். காப்பித் தோட்டக் கூலி. வயது முப்பதுக்குள்தான் இருக்கும். கொதிக்கும் கஞ்சிப் பானை சரிந்து வலது புறங்கையும் விரல்களும் வெந்திருந்தன. என்னைப் பார்த்த முதல் நாளே “அக்கா, உங்களுக்கும் பிரிக்கும்போது ஒட்டுமா?” என்று கேட்டாள். அப்படித்தான் பழக்கம். விடியுமுன்னே எழுந்து பஸ் வரும் இடம் வரைக்கும் நடந்து, ஏற்காடு வந்து, அங்கிருந்து வேறு பஸ் மாறி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலம் வர வேண்டும். வெந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் யார் மேலும் இடிக்காமல் நின்றுகொண்டு வருவதாகச் சொன்னாள். கட்டு முடிந்து வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். மறுநாள் மீண்டும். மூன்று வயதுக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள்.

எட்டாம் நாள் அவள் வரவில்லை. ஒன்பதாம் நாளும் வரவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக ஒரு கோடு விழுந்திருக்கும். உங்களுக்கு அது ஒரு கோடுதான்.

கார்த்திகையில், என் கை ஆறிய பின், மறுபரிசோதனைக்குப் போனபோது அவளை மருந்தகத்து வாசலில் கண்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்திருந்தாள். முந்தானைக்குள் மறைத்திருந்த கையை நான் கேட்ட பிறகுதான் காட்டினாள். காயம் மூடியிருந்தது. ஆனால் நடுவிரலும் மோதிர விரலும் சுண்டுவிரலும் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றன. தழும்பு தடித்து, பளபளவென்று, கயிறு போல் புறங்கையில் ஓடியது. விரலை மடக்கிப் பழத்தைப் பறிக்க முடியவில்லை. மலையில் அது காப்பிப் பழம் பறிக்கும் பருவம். ஆண்டில் கையில் நாலு காசு புரளும் மாதங்கள் அவைதான். ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டேன். “தினமும் வர முடியலை அக்கா. வாரத்துக்கு ரெண்டு நாள் என்றால் வந்திருப்பேன்” என்றாள்.

வாரத்துக்கு இரண்டு நாள். மூன்று நாள் தாங்கும் கட்டுக்கு அதுதான் கணக்கு.

நானோ வெள்ளித் தாள் இருந்திருந்தால் அவள் விரல்கள் நேராக இருந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். காயம் ஆழமாக இருந்தால் தோல் எடுத்து ஒட்டும் அறுவை தேவைப்பட்டிருக்கும். எந்த வெள்ளியும் அதற்கு ஈடில்லை. ஆனால் வாரம் இருமுறை வந்திருந்தால் மருத்துவர் அந்த விரல்களைப் பார்த்திருப்பார். இழுக்கத் தொடங்கியபோதே பலகை வைத்துக் கட்டியிருப்பார், பயிற்சி சொல்லியிருப்பார், அறுவைக்கு எழுதியிருப்பார். தினமும் வா என்று சொன்னதால் அவள் வருவதையே நிறுத்திவிட்டாள். இந்தச் சேதாரத்தை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

புதிய தொழில்நுட்பம், இன்னும் நிலைப்படவில்லை என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என் மகளிடம் வாய்மொழியாகச் சொன்னாராம். இது ஏற்க முடியாத காரணம். நானோ மருத்துவம் உங்கள் கிடங்குகளில் ஏற்கெனவே இருக்கிறது. இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்றும் அயர்ன் சுக்ரோஸ், சர்க்கரை உறை போர்த்திய நானோ அளவு இரும்புத் துகள்தான். என் மகள் பிறந்தபோது எனக்கு இரும்பு மாத்திரை மட்டும் கிடைத்தது. இன்று மலைக்கிராமத்துப் பெண்ணுக்கும் அந்த ஊசி இலவசமாகக் கிடைக்கிறது. அதைச் செய்தவர்களுக்கு என் வணக்கம். கர்ப்பம் பார்க்கும் அட்டைகளிலும், கொரோனாக் காலத்தில் மூக்கில் எடுத்துச் சொட்டுவிட்டுப் பார்த்த அட்டைகளிலும் தோன்றும் சிவப்புக் கோடு, பெரும்பாலும் தங்க நானோத் துகள்கள் ஒரே இடத்தில் வந்து குவிவதால் தெரிவது. தங்கம் அந்த அளவுக்குச் சிறுத்தால் மஞ்சள் போய்ச் சிவப்பாகிவிடும். 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது ஊரெல்லாம் தேடி அலைந்த லைப்போசோமல் ஆம்போடெரிசின் என்பதும் இதே வகைதான். அந்த மருந்தை அப்படியே ஏற்றினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நானோ அளவுள்ள கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துக் கொடுத்தால் அந்தக் கேடு வெகுவாகக் குறைகிறது. அது நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. புற்றுநோய்க்கான டாக்சோரூபிசினை இதே போலக் குமிழியில் அடைத்து அமெரிக்காவில் ஒப்புதல் கொடுத்தது 1995-இல். நானோ மருந்துகளை எப்படி மதிப்பிடுவது என்று மத்திய அரசு 2019-இல் வழிகாட்டு நெறிமுறையே வெளியிட்டுவிட்டது. முப்பது ஆண்டு கழித்தும் எங்களுக்கு மட்டும் இது புதிதா?

நம் மாநிலத்தில் இதற்கு ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கொலாஜனிலிருந்து தீக்காயக் கட்டுகள் செய்வதில் பல ஆண்டு அனுபவம் உள்ள இடம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு, வெள்ளி நானோத் துகள்களைக் கொண்டு குடிநீரிலிருந்து பூச்சிமருந்தை அகற்றும் வடிகட்டியை உருவாக்கியது. வெள்ளி எங்கள் ஊரில், ஆராய்ச்சி தலைநகரில். நடுவில் 340 கிலோமீட்டர்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் நல்ல பொருளைக் கொடுக்காத இடத்தில் கெட்ட பொருள் நுழைகிறது. என் கைக்கு வெள்ளித் தாள் தேவை என்று தெருவில் பேச்சு பரவியதும், நானோ வெள்ளி நீர் என்று ஒரு பாட்டிலை ஒருவர் வீட்டுக்கே கொண்டுவந்தார். தினம் ஒரு மூடி குடித்தால் தீக்காயம், சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் போகும் என்றார். வெள்ளியைக் குடித்துக்கொண்டே வந்தால் அது தோலில் படிந்து, உடம்பு சாம்பல் கலந்த நீலமாக மாறிவிடும். பிறகு அந்த நிறம் போகாது. கடையில் விற்கும் இத்தகைய வெள்ளிக் கரைசல் மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்பதற்கில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999-இலேயே அறிவித்துவிட்டது. என் மகள் படித்தவள், அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள். அடுத்த வீட்டில் இரண்டு பாட்டில் வாங்கினார்கள்.

நான் கேட்பவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

என் மனுவை முடித்துவைத்த உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். தீக்காயம் பார்க்கும் அரசு மருத்துவமனைகளின் இருப்பில் நானோ வெள்ளிக் கட்டுத்தாளைச் சேருங்கள். எந்தக் காயத்துக்கு, எத்தனை தாள், எப்போது நிறுத்துவது என்று மருத்துவர்களைக் கொண்டு ஒரு வரையறை எழுதுங்கள். வீணாகும் என்ற அச்சம் உங்களுக்கு இருந்தால் அந்த வரையறை அதைத் தடுக்கும். தினமும் வந்துபோக முடியாத தூரத்தில் இருப்பவர்களுக்கு, முதலில் மலைக்கிராமங்களில் இருப்பவர்களுக்கு, முன்னுரிமை கொடுங்கள். ஏற்காடு மலையிலேயே கட்டு மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். கீழே இறங்குவது மருத்துவர் பார்க்க வேண்டிய நாளுக்கு மட்டும் போதும்.

தாள் வரும் முன்பே செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். உப்புநீர் கூடாது என்ற ஒன்றையாவது கட்டு மாற்றும் அறையின் சுவரில் பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டுங்கள். விலை கொடுத்து வாங்கிய வெள்ளியை உப்பில் கட்டிப்போடுவது எங்கள் தெருவில் யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாத காரியம். காப்பீட்டுத் திட்டத்தில் வெளிநோயாளியாகக் கட்டு மாற்றும் செலவையும் சேர்க்கப் பரிந்துரை செய்யுங்கள். நானோ வெள்ளி நீர் என்று வீடு வீடாக விற்பவர்கள் மேல் மருந்து ஆய்வாளர்களைக் கொண்டு நடவடிக்கை எடுங்கள்.

இதற்கெல்லாம் இன்னும் சான்று வேண்டும் என்றால், ஆறு மாதம் சேலத்தில் மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு நோயாளியும் எத்தனை தடவை வந்தார், எத்தனை நாளில் காயம் மூடியது, எத்தனை பேர் பாதியில் நின்றுபோனார்கள், மொத்தச் செலவு என்ன என்று எழுதிவையுங்கள். சேதாரமும் கூலியும் சேர்த்த கணக்காக அது இருக்கட்டும். களிம்பே போதும் என்று அந்தக் கணக்கு காட்டினால் நான் ஏற்றுக்கொள்கிறேன். எப்படியானாலும் அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

மலையிலிருந்து வரும் அந்தப் பெண்ணைச் சுருங்கிய விரல்களுக்கான அறுவை பற்றிக் கேட்க, தை மாதக் கடைசியில் மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். என் வீட்டில் தங்கவைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். அறுவை முடிந்தால் அவள் கைக்கும் கட்டு மாற்ற வேண்டியிருக்கும். அன்றைக்கு அந்த அலமாரியில் என்ன இருக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பதிலை அதற்குள் அனுப்புங்கள். முகவரி மனுவில் இருக்கிறது.

இப்படிக்கு,
கொலுசு பற்றவைக்கும் ஒரு பெண்,
சிவதாபுரம், சேலம்.